ஏசம்மாள் பிரித்த கட்டு

சந்தேகப்படுவதற்குத்தான் ஏசம்மாளுக்குச் சம்பளம். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், கல்யாணத்துக்கு முந்தியிருந்தே துணி பார்க்கிற வேலை. கடுகளவு கறை தெரிந்தாலும் அந்தத் துணி கழிவுக்குப் போய்விடும். அந்தக் கண் வீட்டிலும் சும்மா இருக்காது. மீன்காரர், பால்காரர், சபைக்குப் புதிதாக வந்த போதகர் என்று ஒருத்தரும் அவளிடம் தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவள், புருசன் தேவஇரக்கத்தின் கால் புண்ணில் யாராவது கறுப்புத் துணியைக் கட்டினால் விடுவாளா?

சர்க்கரைப் புண். பெருவிரலை எடுக்கும்படி ஆகிவிடுமோ என்று பயந்துதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் பெருந்தேவி பொறுமையாகத்தான் சொன்னாள்.

"வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கி இதுல ஏத்திருக்கு அக்கா. கிருமியைக் கொல்லும். மூணு நாளைக்கு ஒருதரம் நாங்களே மாத்துவோம், நீங்க பிரிக்கப்பிடாது."

"வெள்ளின்னா இம்புட்டுக் கறுப்பாவா இருக்கும்?"

"பொடியானா அப்படித்தான் அக்கா."

நல்ல கதை! விற்காத சரக்கை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று ஏசம்மாள் முடிவு பண்ணிவிட்டாள். வீட்டுக்கு வந்து, மத்தியானம் புருசன் கண்ணயர்ந்ததும் கட்டைப் பிரித்தாள். சுற்றியிருந்த தோலும் கறுத்திருந்தது. "அடப் பாவிகளா!" என்று பதறி, உப்புத்தண்ணீரில் கழுவி, கம்பெனித் துணியை வெள்ளைவெளேரென்று கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் மட்டும் கறுப்புத் துணியைத் திரும்ப வைத்துவிடுவாள். காலில் உணர்ச்சியே இல்லாத மனுசனுக்கு எது தெரியப்போகிறது?

புண் சீழ் வைத்தது. "வெள்ளிக்கும் கேக்கலை. விரலை எடுத்திரலாம்" என்றார் டாக்டரம்மா.

ஏசம்மாள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அந்தத் துணி கால்லயே இல்ல டாக்டர்! நான்தான் பிரிச்சுப் பிரிச்சு வெச்சுட்டேன்!"

டாக்டரம்மா அவளை வறுத்தெடுத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். தேவஇரக்கம் வாயே திறக்கவில்லை. மனசுக்குள் கறுவுகிறாரோ என்று இப்போது அவள் சந்தேகம் அவர் மேல் திரும்பியது. அந்த வாரம் கட்டைத் தொடவில்லை. அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் சீழ் வற்றிப் புண் சிவந்திருந்தது. "விரல் தப்பிச்சிருச்சு அக்கா" என்றாள் பெருந்தேவி. "தோல்ல இருக்க கறுப்பு வெறும் வெள்ளிக் கறை, போயிரும்."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டாள். "என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே, ஏன்?"

"என்னத்தக் கேக்க? காலுக்குத்தானட்டி உணர்ச்சி இல்ல. நீ பிரிக்கையிலெல்லாம் நான் முழிச்சுத்தான் கிடந்தேன்."

"பொறவு ஏன் தடுக்கல?"

"துணி விசயத்துல உன் கண்ணு தப்பாதுன்னு நம்பிக் கிடந்துட்டேன்."

ஏசம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது. ராஜபாளையம் வரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.