கூடாரத்துக்குக் கஞ்சி போட்ட கதை

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊரைக் காலி செய்தபோது, விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். புத்தியுள்ளவர்கள் தகரம் எடுத்தார்கள், இரும்பு எடுத்தார்கள். என் அப்பா ஒரு கூடாரம் எடுத்தார். ஒரு குடும்பமே காலை நீட்டிப் படுக்கலாம் என்று ஏலக்காரன் சொன்னானாம். எங்கள் வீட்டில் அப்படிப் படுக்க முடியாது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ!

மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, நடுவே ஆள் திரும்பினால் சுவர் இடிக்கிற ஒரு நடை. அப்பாவுக்கு வேட்டிக் கடை. கடையில் அடங்காத மூட்டையெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். அப்பா, அம்மா, அக்கா, நான், மூட்டைகள் என்று சொன்னால்தான் எங்கள் குடும்பக் கணக்கு சரியாக இருக்கும்.

அக்காவைக் கொட்டாம்பட்டிப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்து வைத்துக்கொண்டோம். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப்போவது வழக்கம். அவர்களும் மரியாதையாக வந்தார்கள், ஒரு வண்டி நிறைய. அத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது? அப்பா, அக்காவின் மாமியாரை ஒரு துணி மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார். மூட்டை சரிந்தது. கூடவே அந்தம்மாவும் சரிந்தார்.

“ஒரு பாய் விரிக்க இடமில்ல, சம்பந்தம் மட்டும் வேணுமாக்கும்” என்று எழுந்து போய் வண்டியில் ஏறிவிட்டார். அப்பா அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? “வரப்புல உக்காந்தா உறுத்தாது, எங்க வேட்டி மூட்டை மட்டும் உறுத்துதோ?” என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். வண்டி போய்விட்டது. அக்கா, கட்டிவைத்த துணிமணியோடு நடையில் நின்றாள்.

அதன்பிறகு இரண்டு பக்கமும் ஒரே வசனம்தான். அவுகளா வந்து கூப்பிடட்டும் என்று அப்பா; அவுகளா கொண்டாந்து விடட்டும் என்று அங்கே. பெரியவர்கள் இப்படி மானத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த வருஷம் முழுக்க அக்கா அடுப்படியில் இருந்தாள். தீபாவளி போனது, பொங்கல் போனது. யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் எட்டிப் பார்ப்பாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

அடுத்த ஆடி நெருங்கும்போது, வேட்டி எடுக்க வந்த கொட்டாம்பட்டிக்காரர் ஒருவர் அப்பாவிடம் விஷயத்தை உடைத்தார். “அண்ணே, இந்த ஆடித் திருவிழாவுக்கு அவுக அழகர்கோவில் வாராக. நீங்களும் போங்க, தற்செயலாப் பாத்த மாதிரி. அந்தம்மாவ நல்லபடியா உக்கார வச்சுப் பேசுங்க, பொண்ணக் கூட்டிட்டுப் போயிரும். இதையும் விட்டீகன்னா, மகனுக்கு வேற எடம் பாக்கப் போகுது.”

அக்கா வாழ்வாளா மாட்டாளா என்பது அந்தம்மா உட்காரப்போகிற இடத்தில் இருந்தது. அதனால்தான் கூடாரம்.

வந்து இறங்கிய அன்றைக்கு அதைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அழுக்குப் பச்சைக் கித்தான், எண்ணெய் வாடை, தொட்டால் கையில் மெழுகு மாதிரி ஒட்டியது. மடித்து வைத்தாலே பாதி அறை போய்விட்டது. உட்கார இடம் வேண்டும் என்று வாங்கிய சாமானால் வீட்டில் நாங்கள் நிற்கவும் இடமில்லாமல் போனது. நானும் அக்காவும் அதன்மேலேயே படுத்தோம். ஏலக்காரன் பொய் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அந்த மெழுகுதான் உறுத்தியது. “பட்டாளத்தான் அழுக்கு. சம்பந்தி தொட்டா என்ன நெனைக்கும்?” துணியிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் போய் இது வேட்டி இல்லை என்று யார் சொல்வது? வைகைக்குக் கொண்டுபோய் உவர்மண் போட்டு ஊறவைத்து, ஆள் வைத்து அடித்துத் துவைத்தார். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க எவனோ மெனக்கெட்டுப் பூசியிருந்த மெழுகெல்லாம் ஆற்றோடு போயிற்று. கித்தான் வெளுத்து, தொளதொளவென்று தொங்கியது.

“கஞ்சி போட்டா வெறப்பா நிக்கும்” என்றார்.

அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்த காலம் அது. அம்மா கத்தியே விட்டாள். “மனுசருக்குக் கஞ்சிக்கு வழியில்ல, கித்தானுக்குக் கஞ்சியா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“மக வாழ்க்கைடி!” என்றார் அப்பா.  அம்மா அண்டாவில் காய்ச்சினாள். கரண்டி நிற்கிற பதத்தில் கஞ்சி போட்டுக் காயவைத்ததும், கூடாரம் அப்பளம் மாதிரி ஆனது. மடித்தால் முறிகிற சத்தம் கேட்டது. அடேயப்பா, அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கல்யாண வேட்டியைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தார். ஆனால் ஈரம் உள்ளே இருந்திருக்கிறது. நாளாக நாளாகப் புளித்த வாடை வந்தது. எலி வந்தது. “எலிக்கு நல்ல சரக்குன்னா தெரியும்” என்று அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அழகர்கோவிலில் புளியமரத்தோப்பு முழுக்க வண்டிகள். ஊர் உலகமெல்லாம் வண்டிக்கடியில் சமைத்து, வண்டிக்கடியில் உட்கார்ந்து, வண்டிக்கடியில் படுத்தது. நாங்கள் மட்டும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை வைத்துக்கொண்டு முளை அடித்தோம். முன்னால் ஒரு கம்பு, பின்னால் ஒரு கம்பு. ஒன்றை நிறுத்தினால் மற்றது சாய்ந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. “மாப்ள, இந்தப் பக்கம் இழு”, “அண்ணே, சர்க்கஸ் எப்ப ஆரம்பிக்குது?” என்று ஆளாளுக்கு உதவி. எப்படியோ நின்றது. அப்பா புதுப் பாய் விரித்து, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, தலையணையும் போட்டார்.

அவர்கள் வந்தார்கள், தற்செயலாக. அந்தம்மா முன்னால், அத்தான் பின்னால். அத்தான் அக்காவைப் பார்த்தார், உடனே புளியமரத்தைப் பார்த்தார். அக்கா கூடாரத்துக்குள்ளே போய்ப் பின்கம்பின் அருகே நின்றுகொண்டாள்.

“வாங்க சம்பந்தி, உக்காருங்க. இம்புட்டு இடமும் ஒங்களுக்குத்தான்” என்றார் அப்பா. அந்தம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முகம் கொஞ்சம் இளகியது. “பரவால்ல, நல்லாத்தான் வச்சிருக்கீக” என்று அவர் வாயாலேயே சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அப்பாவுக்கு உபசாரம் தலைக்கேறிவிட்டது. அவர்களுடைய மாடுகள் வெயிலில் நிற்பதைப் பார்த்து, தானே அவிழ்த்துக்கொண்டுவந்து கூடாரத்து முளைகளில் கட்டினார். முளை என்றால் மாடு கட்டத்தானே? ஒரு சம்சாரிகூட அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. ஆடியில் காற்றுதான் வரும் என்று எல்லாரும் நம்பியிருந்தோம். மெழுகு போன கித்தான் தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்டது. கூடவே கஞ்சியும் கரைந்து, வெள்ளை வெள்ளையாக அந்தம்மாவின் தலையில், மூக்கில், மடியில் வடிந்தது. வெளியே மாடுகளுக்கு வாடை பிடித்துவிட்டது. தினமும் கஞ்சித் தண்ணி குடித்து வளர்ந்த மாடுகள்! நக்கின, கடித்தன, இழுத்தன. முளை பிடுங்கிக்கொண்டது. ஒரு பக்கச் சுவர் மாட்டு வாய்க்குள் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“ஐயோ, மகமாயி!” என்று அந்தம்மா எழுந்து ஓடி, தன் வண்டிக்கடியில் புகுந்துகொண்டார். அப்பா மாட்டின் வாயிலிருந்து கூடாரத்தைப் பிடுங்கப் போனார். அம்மா அவரைப் பிடுங்கப் போனாள். சரிந்த கித்தானுக்கடியில் நான் மாட்டிக்கொண்டேன். அத்தான் முன்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், அக்கா பின்கம்பை. விட்டால் என் தலைமேல் விழும்.

 அந்த மழைச் சத்தத்தையும் மீறி அக்கா பேசினாள். ஒரு வருஷத்தில் அவள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ஒங்கம்மாவுக்கு உக்கார இடமில்லன்னு போனீக. எங்கப்பாவுக்கு மானம் போச்சுன்னு இவுக இருந்துட்டாக. இந்த ஒரு வருசமா நான் எங்க உக்காந்திருந்தேன், எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?”

அத்தான் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு, “தப்புதான். வாரியா?” என்றார்.

“கம்ப விட்டாத்தான் வரமுடியும்.”

விட்டார்கள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில். என்னைப் பற்றி யாருக்கென்ன கவலை! நான் ஈரக் கித்தானுக்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தபோது, அக்கா அந்த வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“அத்தை, நான் வாரேன்” என்றாள். கெஞ்சவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கஞ்சி வழிந்த முகத்தோடு அந்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். “தலையத் துவட்டிட்டு ஏறு. சளி புடிச்சிக்கிரும்” என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷம் இழுத்த பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது.

நாங்கள் மூன்று பேரும் எங்கள் வண்டியில் ஊர் திரும்பினோம். மாடு தின்றது போக மிச்சக் கூடாரம் காலடியில் கிடந்து நாறியது. அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார்: “பாத்தியா? டேரா எடுத்தது வீண் போகல.”

 கடச்சனேந்தல் தாண்டியபிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள்: “போன ஆவணியிலயே நீங்க அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அந்த வாசல்ல விட்டிருந்தா, அன்னைக்கே இதே வார்த்தையச் சொல்லி உள்ள போயிருப்பா.”

அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.