மூன்றாம் நாள் தட்டு

தட்டக்காவின் உறை போட்ட கைகள் கண்ணாடித் தட்டுகளை அவிக்கும் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தன. குதிரை ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதே வேலை; அழைக்கும் பெயரே தட்டக்கா ஆகிவிட்டது. தட்டில் இட்ட சீழிலிருந்து இரண்டு நாளில் கிருமி வளராவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்று சீட்டு எழுதுவாள். மூன்றாம் நாள் தட்டு அவியப் போகும்.

பிற்பகல் வெயில் ஆவிக்குள் புகுந்து அறையே பால் போலிருந்தது. ஒரு தட்டில் மட்டும் வழவழப்பான வெண்துளிகள். எண்ணைப் பார்த்தாள். சாம்பல் நிறக் குதிரையின் தாடைக் கட்டியில் எடுத்த சீழ்.

மூன்று வாரமாக ஊசி போட்டும் சாம்பலுக்கு இருமல் நிற்கவில்லை. காய்ச்சல் வந்து வந்து போனது. விலா எலும்பை எண்ணலாம். அவள் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் நுரையீரலில் புற்று என்று முடிவுகட்டியிருந்தார். மறுநாள் காலை கருணைக்கொலை.

துளிகள் பூஞ்சை மாதிரி இருந்தன. தட்டில் பூஞ்சை வந்தால் வைக்கோல் தூசு என்று தூக்கிப்போடுவதுதான் அங்கே வழக்கம். மூடிய கட்டிக்குள் வைக்கோல் எப்படிப் போகும்?

ஒரு துளியைக் கறுப்பு மையில் கலந்து நுண்ணோக்கியில் வைத்தாள். கறுப்பு வானத்தில் குட்டிக் குட்டி நிலாக்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவட்டம். சில நிலாக்களின் இடுப்பில் பிள்ளை நிலா ஒட்டியிருந்தது. லாயத்தில் சாம்பல் இருமியது அந்த வானத்திலிருந்தே கேட்பது போலிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாளோ.

எழுந்து போய் டாக்டரிடம் சொன்னாள். “சாம்பலுக்கு நான் எழுதுன சீட்டு தப்பு டாக்டர்.”

“ஒன்னும் வளரலைன்னு நீங்கதானே எழுதுனீங்க?”

“அது ஆற அமர வளருது. நான்தான் அவசரக்குடுக்கை. வந்து பாருங்க.”

பார்த்தவர் கண்ணை எடுக்காமலே பேசினார். “பூஞ்சைதான். உடம்புக்குள்ள பரவியிருக்கும் போல. மருந்து கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. கேட்டாலும் மாசக்கணக்காகும்.”

வாசலில் நின்ற லாயக்காரர் தொண்டையைச் செருமினார். “நாளைக்குக் காலையில சாகுறதுக்கு மாசக்கணக்கு தேவலை சார்.”

மறுநாள் காலை டாக்டர் சீழ் எடுக்கக் கட்டியில் மறுபடி ஊசி குத்தினார். புதுச் சீழிலும் அதே நிலாக்கள். உறுதிசெய்ய ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். லாயக்காரர் பூஞ்சைக்கான மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கடைவாயில் பீய்ச்சினார். சாம்பல் பாதியை டாக்டரின் சட்டையில் துப்பியது.

“இன்னொரு தடவை கலக்குங்க” என்றார் டாக்டர். தட்டக்கா சாம்பலின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.