பாவில் கலந்த கஞ்சி

நீராகாரம் செய்ய மேதாவித்தனம் எதுவும் வேண்டாம். சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால் காலையில் புளித்திருக்கும். கரைத்து, வடிகட்டி, உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம். விதி ஒன்றுதான்: பானையை முழுதாகக் காலி செய்யக் கூடாது. பழைய நீர் ஒரு கரண்டியாவது அடியில் நிற்க வேண்டும்; மறுநாள் புளிப்பு அதிலிருந்துதான் பிறக்கும். என் மனைவி கல்யாணமாகி வந்த வாரம் தொடங்கியது எட்டு வருடம் அறுபடாமல் ஓடியது. அதில் லேசாக ஒரு பழவாசனை இருக்கும். அந்த வாசனையோடு வேறெங்கும் நான் குடித்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஆரணியில், நான்கு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். நான் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். அவள் பெயரையும் நானே எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை என் அக்கா அடுப்படியில் நின்றாள்.

"சாவு ஊட்டுல சோத்துப் பானைய வெச்சிக்கினு கீறியே, அறிவு கீதா? தூக்கி வெளியில போட்டு ஒட."

"நாளைக்கு ஒடைக்கிறேன்கா."

"நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்றதுக்கு இது இன்னா உன் ஆபீசா?"

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, பானை நீரைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். நாலு தெரு தள்ளி ஒரு நெசவாளர் வீடு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்து பழக்கமானவர்கள். என் வீட்டில் சாவு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் தூக்கை உள்ளே விடமாட்டார்கள். நெசவாளரின் மனைவியிடம், "கஞ்சிம்மா, வெச்சிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். விண்ணப்பத்தில் ஒரு சொல் தெளிவில்லை என்றால் திருப்பி அனுப்புகிறவன் நான்.

இரண்டு நாள் கழித்து, புதுப் பானை வாங்கி வைத்துவிட்டு, அந்த நீரைத் திரும்ப வாங்கப் போனேன். தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். நெய்யப்போகும் அரக்குச் சிவப்புப் பட்டு நூல், கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தம்மா கழுவிய தூக்கை நீட்டினாள். "நல்ல நேரத்துல குடுத்தீங்க சார். எங்கூட்டுக் கஞ்சி பத்தல. வடிகட்டிக் கலந்துட்டேன்."

மிஞ்சிய கஞ்சியைப் பாவுக்கென்று கொடுப்பது அந்தத் தெருக்களில் வழக்கம். அங்கே கஞ்சி என்றால் யாரும் வயிற்றை நினைப்பதில்லை.

குனிந்தேன். நூலில் அந்தப் பழவாசனை இருந்தது.

"தொடாதீங்க சார், ஈரம்" என்றார் நெசவாளர். "முகூர்த்தப் பொடவை. இப்போதிக்கு கையில கீற வேலையே இது ஒண்ணுதான்."

சாவு வீட்டுக் கஞ்சி என்று சொல்லியிருந்தால் பாவு முழுவதையும் அவர்களே அறுத்து எறிந்திருப்பார்கள். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து புதுப் பானையில் எல்லாம் முறைப்படி செய்தேன். புளித்தது. நல்ல நீராகாரம்தான், யாருடையதோ.

அந்தச் சேலை எந்த ஊருக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் எண்பதுகள் முழுவதும், இளம்பெண் ஒருத்தியின் சாவைப் பதிய யாராவது வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, "கல்யாணம் எப்பங்க ஆச்சி?" என்று கேட்பேன். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. அழுதுகொண்டு நிற்பவர்கள் ஏன் என்று கேட்காமலே சொல்வார்கள். புடவை என்ன நிறம் என்ற அடுத்த கேள்வி வாய்வரை வரும். ஒருமுறைகூடக் கேட்டதில்லை.