இரண்டு ஃபைலாகப் போன என் கருத்து

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் தில்லியில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தேன். பத்தொன்பது வருட சர்வீஸில் என் கருத்தை யாரும் கேட்டதில்லை. 'பார்வைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குக் கருத்து தேவைப்படுவதுமில்லை.

ஒருநாள் கேட்டுவிட்டார்கள். இணையதளங்களின் பெயர்களையும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண் முகவரிகளையும் உலகம் முழுக்க ஒரே மேற்பார்வையில் வைப்பதா, பிரித்து இரண்டு அமைப்புகளிடம் கொடுப்பதா என்று வெளிநாடுகளில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. நம் தரப்பில் என்ன சொல்லலாம் என்று துணைச் செயலர் என்னை நோட் எழுதச் சொன்னார். எங்கள் பிரிவில் இணையம் வந்த ஒரே கம்ப்யூட்டர் அவர் அறையில் உறை போட்டு மூடியிருந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். பிரிக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் வீட்டையே உதாரணம் காட்டினேன். வீட்டு நம்பரைக் கொடுப்பது ஓர் ஆபீஸ், வாசலில் பெயர்ப்பலகை எழுதுவது இன்னோர் ஆபீஸ். நாங்கள் குடிவந்து மூன்று வருடமாகியும் பலகையில் முன்பிருந்தவர் பெயர்தான். மாமனாரின் கடிதங்கள் திருநெல்வேலிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் உலகத்துக்கு அந்தக் கதி வரக்கூடாது. மனைவி படித்துவிட்டு முறைத்ததால் மாமனாரை 'உறவினர்' என்று திருத்தினேன்.

எங்கள் வழக்கப்படி எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் முழுசாக எழுதிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். ஆகவே முதல் இரண்டு பக்கங்களில் பெயர்களைப் பற்றிய விஷயமும், பிரிக்கச் சொல்கிறவர்களின் வாதமும். அடுத்த இரண்டில் எண்களைப் பற்றிய விஷயமும் என் மறுப்பும் முடிவும்.

துணைச் செயலர் பக்கங்களைப் புரட்டினார். பெயர் ஒரு சப்ஜெக்ட், எண் வேறு சப்ஜெக்ட், ஒரு ஃபைலில் இரண்டு இருக்கக் கூடாது என்று இந்தியில் சொன்னார். விளக்கியிருக்கலாம். "ஜீ சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஃபைலைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து நானே இரண்டிரண்டு பக்கமாகப் பிரித்தேன். எண்களின் ஃபைல் வேறொரு செக்‌ஷனுக்குப் போனது. அவர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி இன்னொரு செக்‌ஷனுக்குத் தள்ளினார்கள்.

பதினைந்து நாளில் கூட்டம். துணைச் செயலருக்கும் மேலதிகாரியான இணைச் செயலர் பெயர்களின் ஃபைலைத் திறந்து இரண்டு பக்கங்களையும் உரக்கப் படித்தார். பிரித்தே ஆகவேண்டும் என்று யாருக்கும் தோன்றும். நான் எழுதியதில் நல்ல பகுதி அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையசைத்தார்கள்.

யார் எழுதியது என்று கேட்டார். துணைச் செயலர் பெருமையாக என்னைக் காட்டினார். இணைச் செயலரும் தமிழர்தான்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. இதுதானே உங்க அபிப்பிராயம்?"

மீதி இரண்டு பக்கம் வேறு ஃபைலில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் துணைச் செயலர் செய்தது தப்பு என்று பத்துப் பேர் முன்னால் ஆகிவிடும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்," என்றேன்.

இணைச் செயலர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் துணைச் செயலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு வெட்கமாக எனக்கு அதற்குமுன் இருந்ததில்லை.

வீட்டில் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். பாராட்டினார்கள் என்றேன்.

"அப்போ பிரிக்கக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"என்னையத்தான் கேட்டாங்க. பிரிக்கலாம்னு நான்தான் சொன்னேன்," என்றேன்.