மேல்வரிசையில் புள்ளி விழுந்த காய்

என் வீட்டுக்காரரைப் பற்றி யார் நல்லதாகச் சொன்னாலும் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: சின்சியர். எங்கள் ஊர் முதலமடைக்குத் தோப்பு மாங்காய் வாங்க வரும் வியாபாரிகள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு லேசாகச் சிரிப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் அவர் பெட்டி கட்டும் விதம். ஊரெல்லாம் நல்ல காயை மேலே அடுக்கி, சுமாரானதை அடியில் தள்ளும். இவர் புள்ளி விழுந்த காயைத் தேடி எடுத்து மேல்வரிசையில் வைப்பார். பெட்டியைத் திறந்ததும் முகம் சுளித்துவிட்டு அடிவரை பார்த்தவர்கள் அடுத்த வருஷமும் வருவார்கள். பாதியிலேயே போனவர்களும் உண்டு.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. ரோமாபுரியில் சிலை செதுக்குகிறவர்கள் கல்லில் விழுந்த விரிசலை மெழுகு வைத்து அடைப்பார்களாம். மெழுகு பூசாத சிலைதான் சின்சியராம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லையாம், கலப்பில்லாதது, சுத்தமானது என்பதுதான் லத்தீனில் பொருளாம், ஒட்டுப் போடாமல் ஒன்றாகவே வளர்ந்தது என்று வேர் பிரிப்பவர்களும் உண்டாம் என்று மிச்சத்தையும் சொல்லிவைத்தேன். முகம் வாடிவிட்டது.

“அப்ப நம்ம ஒட்டுமரமெல்லாம் சின்சியர் இல்லையா புள்ள?”

“நீங்க மெழுகுக் கதையவே வெச்சுக்கோங்க,” என்று மோரை ஊற்றினேன்.

போன தை மாதம் இந்தச் சின்சியர்தனம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. எங்கள் மகளைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்தார்கள். பையனும் அவளும் கோயமுத்தூரில் ஒரே ஆபீஸ். ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், பெரியவர்களின் சம்மதத்துக்காகக் காத்திருந்தார்கள். மாம்பூ பூக்கும் மாதங்களில் மகளுக்கு மூச்சு இளைக்கும். பையனுக்கு அது தெரியும்; அவன் அம்மாவுக்குத் தெரியாது. பையன் வீட்டைச் சுற்றி மாந்தோப்பு வேறு.

“நிச்சயம் ஆனப்பறம் சொல்லிக்கலாம்ப்பா,” என்று மகள் கெஞ்சினாள்.

“நான் வாயே தொறக்கல கண்ணு,” என்றார் இவர்.

காபி டம்ளர் பாதி காலியாவதற்குள் பையனின் அம்மா, “புள்ளைக்குச் சமைக்கத் தெரியுங்களா?” என்று கேட்டார். ஊர் உலகத்தில் கேட்கிற கேள்விதான்.

“சமையல் சுமாருங்க. கோவம் சட்டுனு வந்துருமுங்க. மாம்பூ பூத்தா மூச்சு எளைக்குமுங்க, மருந்து கையிலயே வெச்சிருக்கோணும்,” என்று அடுக்கினார் இவர்.

அவரை அப்படியே தோப்புக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு. பையன் தரையைப் பார்த்தான். உள்ளறையில் மகள் இன்ஹேலர் இழுக்கும் சத்தம் கேட்டது.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?”

இவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

“இல்லீங்க. மேல்வரிசை அவ்வளவுதானுங்க. அடியில பூராவும் நல்ல காய்ங்க.”

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காகச் சந்தோஷப்பட்டேன். மகளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

“எங்கூட்டச் சுத்தியும் மாமரந்தானுங்க,” என்றார் அந்த அம்மா. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, மாடி ரூம்பு சன்னலோரம் நிக்குற ரண்டு மரத்தயும் வெட்டிப்போடலாமுங்களா?”

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மகள் வந்து நின்றாள்.

காய்க்கிற மரத்தில் கிளை ஒடித்தாலே சண்டைக்குப் போகிறவர் என் வீட்டுக்காரர். அப்போதுதான், மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.