தெரிந்துகொள்ள மறுத்த டீச்சர்

காலை வணக்கத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் ஓடி வந்து சொன்னார், வேதியியல் பிலோமினா டீச்சர் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்று. முந்தின நாள் மாலைதான் மாடிப்படியில் "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திருவொற்றியூரில் எங்கள் பள்ளியில் அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இன்னும் என் மனம் ஆறவில்லை.

பிள்ளைகளிடம் இந்த வேப் என்கிற மின்சிகரெட் வந்து தொலைந்தது உங்களுக்குத் தெரியும். பார்க்கப் பென்டிரைவ் போலிருக்கும், ஊதினால் மாம்பழ வாசனை வரும். நான் உடற்பயிற்சி ஆசிரியன். பையைக் கொட்டிப் பார், நாலு வை, அப்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். டீச்சர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அடிச்சா உங்ககிட்டருந்து மறைக்கக் கத்துக்குவான் சார். விடமாட்டான்" என்றார். யார் என்ன என்று நாம் கேட்காமல், பிள்ளைகளே அதைப் போட்டுவிட்டுப் போக ஒரு பெட்டி வைக்கலாம் என்பது அவர் யோசனை.

முதல் பெட்டி படு சொதப்பல். தகர உண்டியல் ஒன்றை வராந்தாவில் வைத்தோம். எவனோ தைரியமாகப் போட, டங்கென்று சத்தம் எழும்பி அத்தனை தலையும் திரும்பியது. அதற்குப் பிறகு அதில் பபுள்கம் காகிதம்தான் விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரோ ஆய்வக வாசலில் தொங்கிய தீயணைப்பு மணல் வாளி ஒன்றைக் கழற்றி, மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். மணலில் புதைத்தால் சத்தம் வராது, பேட்டரி சூடானாலும் தீ பரவாது. சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்து மாவுச் சல்லடை கொண்டுவந்து அந்த மணலைச் சலிப்பார். கிடைத்ததை மின்கழிவு எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுவார். சில வாரம் ஒன்றுமே இருக்காது. அப்போதும் சலிப்பார்.

கேமரா வைத்தால் ஒரே நாளில் ஆளைப் பிடித்துவிடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னபோது டீச்சர் குரல் உயர்ந்ததை முதல்முறையாகக் கேட்டேன். "ஒருத்தன் மாட்டுவான் சார். மத்தவன் எல்லாம் பொத்திப் பொத்தி வெச்சுப்பான். கேமரா வந்தா வாளியை நானே எடுத்துடறேன்." கேமரா வரவில்லை.

அவரை நிஜமாகவே சோதித்தது ஒரு தாய். காசிமேட்டில் மீன் விற்கிற செல்வி. மகன் பதினொன்றாம் வகுப்பு. அவன் தலையணைக்கு அடியில் அந்தச் சனியனைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறாள். மறுநாள் அது அங்கே இல்லை. மீன்கூடையோடு நேராக ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், எம்புள்ள அந்த வாளில போட்டானா இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு."

"எனக்குத் தெரியாதும்மா."

"பேஜார் பண்ணாத டீச்சர். அவன் அப்பன் குடிச்சே செத்தான். இவனும் அப்டியே பூடுவானோன்னு வவுறு எரிஞ்சிகினு கீது. நீ பாக்காமயா இருப்ப?"

"பாக்கமாட்டேன்னு பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் செல்வி. பாத்தா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

"நல்லா குடுத்த வாக்கு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "பெத்தவ கேக்குறா, தெரியாதுன்னு அனுப்பிட்டேன். ஒருத்தராவது விட்டுட்டாங்கன்னு யாராவது வந்து சொன்னா நல்லாயிருக்கும் சார். யார் வந்து சொல்லுவா?" அதற்குப் பிறகு, "அந்தம்மா வந்தாங்களா?" என்று அவ்வப்போது கேட்பார். வரவில்லை என்பேன். சரி என்று வகுப்புக்குப் போய்விடுவார்.

டீச்சர் இறந்த அன்று ராயபுரத்தில் அவர் வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க நம் பிள்ளைகள். வாளியில் போட்டவன், போடாதவன், தொட்டே பாராதவன் எல்லோரும் ஒன்றாக நின்று அழுதார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். மகன் பின்னால் நின்றான். கண்ணாடிப் பெட்டி மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து, உள்ளே இருந்த முகத்திடம் பேசினாள்.

"டீச்சர், வுட்டுட்டான் டீச்சர். அன்னிக்கே மண்ணுல பொதச்சிட்டானாம். போன வாரந்தான் எங்கைல சொன்னான். உன்னாண்ட சொல்லணும், நாளிக்கு வரேன் நாளிக்கு வரேன்னு இருந்துட்டேனே டீச்சர்."

எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வாளியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, கற்றுக்கொள்கிறேன். ஆனால் டீச்சருடையது என்று நான் வைத்திருப்பது வாளியை அல்ல. செல்வியின் மகன் விட்டுவிட்டான் என்ற சேதியைத்தான். அது அவருக்குப் போய்ச் சேர வேண்டியது. வழி தவறி என்னிடம் சேர்ந்துவிட்டது.