வெங்காயக் காட்டுப் பாட்டைக் கட்டியவர்

பழனியம்மாள் அத்தை பாடிய வீடியோவை நான்தான் எடுத்தேன், நான்தான் இணையத்தில் ஏற்றினேன். அதனால் அதை நீக்கிவிட்ட செய்தியும் என் போனுக்குத்தான் வந்தது. பதிப்புரிமைப் புகார். கொடுத்தவர் திண்டுக்கல்லில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் விக்னேஷ்குமார்.

அத்தை எங்கள் பக்கத்து வீடு. நாற்பத்தாறு வயது. ரெட்டியார்சத்திரத்துக் காடுகளில் சின்ன வெங்காயம் பிடுங்கித் தாள் அறுக்கும் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிப் போகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பாட்டுக் கட்ட அது தடையாக இருந்ததில்லை. அவர்களுக்கு வேலை சொல்லி அனுப்பும் தரகர் முத்துச்சாமியைப் பற்றிக் கட்டியது இது:

தாளறுக்க நாங்க வந்தா வெயிலு வந்து நிக்குது
தரகு பேச நீரு வந்தா நெழலு வந்து நிக்குது

தை மாதம் கோயில் விழாவில் பாட வந்த அத்தையை விக்னேஷ்குமார் ஸ்டுடியோவுக்கு அழைத்து, "சும்மா டெஸ்ட்டுக்கு ஒண்ணு பாடுங்கக்கா" என்றிருக்கிறார். அத்தை இதைப் பாடினார். யார் கட்டியது என்று கேட்டதற்கு, "நாங்க எல்லாரும் பாடுறதுதான் தம்பி" என்று சொல்லிவிட்டார். அந்தப் பதிலும் பதிவாகிவிட்டது. காட்டில் யாரும் ‘என் பாட்டு’ என்று சொல்லிக்கொள்வதில்லை.

அத்தையின் குரலோடு மேளத்தைச் சேர்த்து, இலவசமாகப் பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில் ஸ்டுடியோ பேரில் போட்டிருந்தார் விக்னேஷ்குமார். எழுதியவர் என்ற இடத்தில் ‘நாட்டுப்புறப் பாடல்’. இப்போது அத்தை பாடினால் அவர் புகார் கொடுக்கிறார்.

மதியச் சோற்று நேரத்தில் காட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"போடுடி போன," என்றார் அத்தை.

ஸ்பீக்கரில் விக்னேஷ்குமார் குரல் இனிமையாக வந்தது. "அக்கா, எல்லாரும் பாடுறதுன்னு நீங்களேதான சொன்னீங்க? ரெக்கார்டு இருக்குல்ல. நாட்டுப்புறப் பாட்டுதான்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுருங்க. புகார எடுத்துர்றேன். பாடுனவங்கன்னு உங்க பேரயும் போட்டுர்றேன்."

பேர் வருமே, போதாதா என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறேன். நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகத்தான் படித்தேனா என்று தெரியவில்லை. "சரின்னு சொல்லிருவமா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அத்தை என்னைப் பார்க்கவேயில்லை. "ஏலே அப்பு, ஓசியில ஊரே கேக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா என் பாட்ட நான் பாடக் கூடாதுன்னு சொல்ல நீ யாருலே?" போனை அணைத்து என் மடியில் போட்டார்.

"நீயும் காதுல மாட்டிக்கிட்டு ஓசியிலதான கேக்குற? அத கட்டுனவுகளுக்கு என்ன குடுக்குறாக?"

"நடுவுல விளம்பரம் வருதுல்ல, அத்தை..."

"வந்து? அவுக வீட்டுக்குப் போகுதா?"

அதுவரை நான் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

புகாருக்குப் பதில் கொடுக்கும் மறுப்புப் படிவத்தைப் போனில் திறந்தேன். பாட்டைக் கட்டியவரின் முழுப்பேரும் முகவரியும் கேட்டது. அது புகார் கொடுத்தவருக்கே போகும். அங்கிருந்து தரகர் காதுக்குப் போக ஒரு நாள் ஆகாது. பாட்டு யாருடையது என்று தெரியாதவரைக்கும்தான் முத்துச்சாமி அதைக் கேட்டும் கேட்காதவர்போல இருந்தார்.

"அத்தை, வேலை போயிரும்."

அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்து மற்ற பெண்களைப் பார்த்தார். "இந்தாங்கடி, இந்தப் பாட்ட நான் கட்டுனதுன்னு எழுதப் போறேன். யாருக்காவது வருத்தம்னா இப்பவே சொல்லிருங்க."

எல்லாருக்கும் சேர்த்து, கூட வேலை செய்யும் செபாஸ்தியம்மாள் சிரித்தார். "அடியே, தெரியாமயா இம்புட்டு நாளாப் பின்பாட்டுப் பாடுறோம்? தரகர் கேட்டா ஒன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

"இனி பொத்த வேணாம்."

"தலைக்கனத்தப் பாரு! எங்க கூலியும்லடி போகும்?"

"போனா வேற காடு பாப்போம். அவரு வீட்டு முத்தத்துல மட்டுமா வெங்காயம் மொளைக்குது?"

செபாஸ்தியம்மாள் என் பக்கம் திரும்பி, "பின்பாட்டு செபாஸ்தியம்மாள்னு அதுல சேக்க எடமிருக்காடி, சத்யா?" என்றார். சாட்சி என்று இன்னும் நான்கு பேர்கள் வந்தன.

அத்தை என்னைத் தட்டச்சு செய்ய விடவில்லை. மண் படிந்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தன் பேரை அடித்தார். முகவரியை மட்டும் நான் அடித்தேன், கதவு எண்ணை விட்டிருந்தேன். "அதயும் போடு. வாரவன் வழி தெரியாமத் திண்டாடக் கூடாதுல்ல?"

அனுப்பிப் பதினோரு நாளாகிறது. வீடியோ இன்னும் திரும்பி வரவில்லை. முத்துச்சாமி வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மூன்று நாள் எல்லாரும் சும்மா இருந்தார்கள். நான்காம் நாள் தாடிக்கொம்புப் பக்கம் ஒரு காடு கிடைத்தது, கூலி கொஞ்சம் குறைவு. நானும் போனேன். புதுத் தோட்டக்காரர் வரப்பில் நிற்க, அத்தை அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"இது நான் கட்டுன பாட்டு. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். அத்தை பாட ஆரம்பித்தார்.